வாஷிங் மெஷின் கதவு லாக் ஆகவில்லையா? இரண்டு ‘டிக்’ சத்தத்தை வைத்தே பழுதைப் பிடிக்கலாம்

ஃப்ரண்ட் லோடு மெஷினில் துணியைப் போட்டு, கதவைச் சாத்தி, ஸ்டார்ட்டை அழுத்துகிறீர்கள். தண்ணீர் ஏறும் சத்தம் வர வேண்டிய நேரத்தில் ‘பீப் பீப்’ என்று கத்துகிறது. திரையில் ஏதோ ஒரு எழுத்து. மெக்கானிக்கைக் கூப்பிட்டால், கதவை ஒருமுறை திறந்து மூடிவிட்டு “போர்டு போயிருச்சு” என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு போவது உண்டுதான். ஆனால் கதவு லாக் ஆகாத பழுதில் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். அதற்கு முன்னால் கதவின் கீல், கொக்கி, ரப்பர், டோர் லாக், ஒயர் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். இவற்றில் பாதியைக் கண்ணாலும் காதாலுமே பார்த்துவிடலாம், ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல்.

கீழே சொல்வது பெரும்பாலும் ஃப்ரண்ட் லோடு மெஷினுக்கானது. டாப் லோடு, செமி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

முதலில் காதைக் கொடுங்கள்

நல்ல நிலையில் உள்ள மெஷினில் இரண்டு சத்தம் வரும். கதவைத் தள்ளிச் சாத்தும்போது கொக்கி போய் மாட்டிக்கொள்ளும் ‘டிக்’. இது வெறும் ஸ்பிரிங் வேலை, மின்சாரம் இல்லாவிட்டாலும் கேட்கும். பிறகு ஸ்டார்ட்டை அழுத்தியதும், உடனேயோ சில நொடிகள் கழித்தோ, கதவுக்கு வலப்பக்கம் பேனலுக்கு உள்ளிருந்து இன்னொரு ‘டிக்’. அதுதான் உண்மையான லாக்.

ஃபேனை நிறுத்திவிட்டு, டிவியை அணைத்துவிட்டு இதைக் கவனியுங்கள். முதல் சத்தமே வரவில்லை என்றால் கோளாறு கதவில்: கொக்கி, கீல், ரப்பர், இடையில் சிக்கிய துணி. முதல் சத்தம் வந்து இரண்டாவது வரவில்லை என்றால் டோர் லாக், அல்லது அதற்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயர், வோல்டேஜ். இரண்டும் கேட்டும் மெஷின் ‘கதவு திறந்திருக்கிறது’ என்றே சாதித்தால், லாக் ஆன செய்தி போர்டுக்குப் போய்ச் சேரவில்லை. இப்படிப் பிரித்துக்கொண்டால் தேட வேண்டிய இடம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

திரையில் வரும் எரர் கோடு (code) ஓரளவுக்குத்தான் உதவும். எல்ஜியில் ‘டிஇ’, சாம்சங்கில் ‘டிசி’ அல்லது ‘டிஇ’, போஷில் ‘இ16’ அல்லது ‘எஃப்16’, எலக்ட்ரோலக்ஸில் 40இல் தொடங்கும் எண்கள் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றே: ‘கதவு பூட்டியதாக எனக்குத் தகவல் வரவில்லை.’ ஏன் வரவில்லை என்பதை எந்தக் கோடும் சொல்லாது.

லாக்குக்குள் நடப்பது

உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டிதான் டோர் லாக். பல மெஷின்களில் அதற்குள் பிடிசி என்னும் மாத்திரை போன்ற ஒரு சில்லு இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் அது சூடாகும். அதை ஒட்டி, இரண்டு உலோகங்களைச் சேர்த்துச் செய்த சிறு பட்டை. சூடு ஏறினால் பட்டை வளையும். வளைந்து ஒரு பிளாஸ்டிக் முளையைத் தள்ளும். முளை போய்க் கொக்கியை அசைய விடாமல் தடுக்கும். அதே அசைவில் உள்ளே ஒரு காண்டாக்ட் சேர்ந்து, போர்டுக்குத் தகவல் போகும். இதற்கெல்லாம் சுமார் 2 முதல் 6 நொடி ஆகும்.

துவைத்து முடித்த பிறகு கதவு உடனே திறக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் காக்க வைப்பதும் இதனால்தான். சில்லு ஆற வேண்டும், பட்டை நிமிர வேண்டும். அந்த நேரத்தில் பொறுமையில்லாமல் கைப்பிடியைப் பிடித்து இழுப்பவர்கள்தான் கொக்கியை உடைக்கிறார்கள்.

சில புதிய மாடல்களில் சூடேறும் சில்லுக்குப் பதில் காந்தச் சுருள் இருக்கும். அதில் இரண்டாவது ‘டிக்’ காத்திருப்பு இல்லாமல் பட்டென்று வரும். உங்கள் மெஷின் எந்த ரகம் என்பது சத்தம் வரும் வேகத்திலேயே தெரிந்துவிடும்.

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்

1. பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விடுங்கள். கரண்ட் போய்ப் போய் வந்த நாளில் லாக் பாதி வழியில் நின்றிருக்கும். ஆறினால் தானாகப் பழைய இடத்துக்குப் போய்விடும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே எடுங்கள்.

2. சைல்டு லாக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டுப் படமோ குழந்தை முகமோ எரிந்தால், அது பட்டன்களைப் பூட்டியிருக்கிறது. பல மாடல்களில் கதவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பட்டனை அழுத்தினால் வேலை செய்யவில்லை, அதனால் கதவு லாக் ஆகவில்லை என்று பலர் குழம்பிக்கொள்வது இங்கேதான். டிலே ஸ்டார்ட் போட்டிருந்தாலும் மெஷின் தொடங்காமல் நிற்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

3. துணியைப் பாதியாகக் குறையுங்கள். 7 கிலோ மெஷின் என்றால் எல்லா புரோகிராமிலும் 7 கிலோ போடலாம் என்று பொருளில்லை. அந்த அளவு காட்டன் புரோகிராமுக்கு, அதுவும் உலர்ந்த துணியின் எடை. ஜமுக்காளத்தையும் போர்வையையும் சேர்த்துத் திணித்தால், துணி உள்ளிருந்து கதவின் கண்ணாடியை வெளியே தள்ளும். அரை சென்டிமீட்டர் தள்ளினாலே கொக்கி மாட்டாது.

4. ரப்பர் வளையத்தின் மடிப்புக்குள் விரலை விட்டு ஒரு சுற்று வாருங்கள். பைஜாமா நாடா, குழந்தையின் சாக்ஸ், துப்பட்டா நுனி, பாவாடை நாடா, சில்லறைக் காசு. அடியில் ஆறு மணி முள் இருக்கும் இடத்தில்தான் எல்லாம் வந்து சேரும். கையில் ஊக்கோ பின்னோ குத்தலாம், பார்த்து.

5. வோல்டேஜ். மாலையில் ஏசிகள் ஓடும் நேரத்தில் மட்டும் லாக் ஆகாமல், விடியற்காலையில் ஒழுங்காக வேலை செய்கிறதா? அப்படியானால் மெஷினை விட்டுவிட்டு பிளக் பாயின்டைச் சந்தேகப்படுங்கள். வோல்டேஜ் மிகவும் இறங்கினால் சில்லு சூடேறத் தாமதமாகும்; குறித்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் போர்டு எரர் காட்டிவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியிருந்தால் எடுத்துவிட்டு, சுவரில் உள்ள 16 ஆம்ப் பாயின்டில் நேரடியாக மாட்டிப் பாருங்கள்.

முதல் ‘டிக்’ வரவில்லை: கதவைப் பாருங்கள்

கதவைப் பாதி திறந்து, கைப்பிடி ஓரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம்கூட ஆட்டம் இருக்கக் கூடாது. நம் வீடுகளில் இந்தக் கதவு படும் பாடு கொஞ்சமல்ல. ஈரப் போர்வையை எடுத்து அதன் மேலேயே போடுவது, குனிந்து எழும்போது அதைப் பிடித்து ஊன்றுவது, பிள்ளைகள் தொங்குவது. கண்ணாடியோடு சேர்ந்து கதவு ஏற்கெனவே கனம். அதைத் தாங்கும் கீல் பல மாடல்களில் வார்ப்பு உலோகம். வளைய வேண்டிய இடத்தில் வளையாமல் உடையும்.

கதவு தொங்கியிருக்கிறதா என்று உறுதி செய்ய எளிய வழி உண்டு. கொக்கி நுனியில் சாக்பீஸையோ முகப்பவுடரையோ குழைத்துத் தடவுங்கள். கதவை மெதுவாகச் சாத்தித் திறங்கள். எதிரே பாடியில் இருக்கும் துளையின் ஓரத்தில் வெள்ளைத் தடம் எங்கே படிந்திருக்கிறது? கீழ் விளிம்பில் என்றால் கதவு இறங்கிவிட்டது. துளைக்குள் நேராகப் போய், ஓரத்தில் தடமே இல்லை என்றால் கீல் சரி.

இறங்கியிருந்தால், கீலைப் பாடியோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். கதவை ஒருவர் சற்றுத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் முறுக்க வேண்டும். தூக்காமல் முறுக்கினால் தொங்கிய இடத்திலேயே இறுகிவிடும். முறுக்கியும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் கீல் தேய்ந்திருக்கும் அல்லது விரிசல் விட்டிருக்கும், மாற்றத்தான் வேண்டும். எம்-சீல் வைத்து ஒட்டுவது சில வாரத்துக்கு மேல் தாங்காது. ஒட்டியது விடும்போது கதவு கையோடு வரும்.

அடுத்து கொக்கி. விரலால் அழுத்திவிட்டு விடுங்கள். துள்ளித் திரும்ப வேண்டும். மந்தமாகத் திரும்பினால் அழுக்கு. போர் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் கொக்கியின் அச்சைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து, அதோடு சோப்புத்தூளும் சேர்ந்து கல்லாகியிருக்கும். வெந்நீரில் கொஞ்சம் வினிகரோ எலுமிச்சைச் சாறோ கலந்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். காய்ந்ததும் சிலிக்கான் ஸ்ப்ரே ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். இரண்டு நாளைக்கு வழுவழுவென்று இருக்கும், பிறகு துணிப் பஞ்சை எல்லாம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ரப்பரையும் கெடுக்கும்.

கொக்கி துள்ளவே இல்லை, தொளதொளவென்று ஆடுகிறது என்றால் ஸ்பிரிங் உடைந்திருக்கும், அல்லது அச்சாக இருக்கும் கம்பி ஒரு பக்கம் நழுவியிருக்கும். கைப்பிடியும் கொக்கியும் சேர்ந்த செட்டாகவே கடையில் கிடைக்கும். மாற்றுவதற்குக் கதவின் இரண்டு வளையங்களையும் பிரிக்க வேண்டும், சுற்றிலும் ஸ்க்ரூக்கள். கதவைக் கழற்றி, தரையில் போர்வை விரித்து அதன் மேல் வைத்து வேலை செய்யுங்கள். நடுவில் இருப்பது கனமான கண்ணாடிக் கிண்ணம்.

ரப்பர் அண்மையில் மாற்றப்பட்டதா? அப்படியானால் அது சரியாக உட்காராமல் ஓரிடத்தில் புடைத்து நிற்கலாம். புடைப்பு கதவைத் தடுக்கும். விரலால் ஒரு சுற்று அழுத்திப் பார்த்தாலே தெரியும்.

இரண்டாவது ‘டிக்’ வரவில்லை: டோர் லாக்கைக் கழற்றுதல்

பிளக்கை எடுத்துவிட்டீர்களா? தண்ணீர்க் குழாயையும் மூடுங்கள்.

கதவைத் திறந்தால் ரப்பரின் வெளி ஓரத்தைச் சுற்றி ஒரு கம்பி வளையம் ஓடுவது தெரியும். பெரும்பாலும் அடிப்பக்கத்தில் ஒரு குட்டி ஸ்பிரிங் அதை இழுத்துப் பிடித்திருக்கும். தட்டை ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் கம்பிக்கு அடியில் கொடுத்து நெம்பினால் கம்பி வெளியே வந்துவிடும். ரப்பரைக் கிழித்துவிடாமல் டிரைவரின் முனையைக் கம்பியோடு ஒட்டியே நகர்த்துங்கள். பிறகு லாக் இருக்கும் வலப்பக்கத்தில் மட்டும் ரப்பரை உருவி உள்ளே மடித்துவிட்டால் போதும், முழுவதும் கழற்ற வேண்டியதில்லை.

இப்போது பாடியின் முகப்பில், கொக்கி நுழையும் துளைக்கு மேலும் கீழும் இரண்டு ஸ்க்ரூ. ஒரு கையைப் பேனலுக்குப் பின்னால் விட்டு லாக்கைப் பிடித்துக்கொண்டே கழற்றுங்கள்; இல்லையென்றால் அது உள்ளே விழுந்து ஒயரில் தொங்கும். தகரத்தின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், முழுக்கை சட்டையோ கையுறையோ நல்லது. லாக்கை வெளியே இழுத்ததும் கனெக்டரைக் கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுங்கள். எந்த நிற ஒயர் எந்தப் பக்கம் என்பது பத்து நிமிடத்தில் மறந்துவிடும்.

ஒயரைக் கழற்றும்போதே மூக்கும் கண்ணும் வேலை செய்யட்டும். கனெக்டர் பழுப்பாகி உருகியிருக்கிறதா, பின்னில் பச்சை பூத்திருக்கிறதா? கடற்கரைப் பக்கத்து வீடுகளில் பச்சை பூப்பது சாதாரணம். ஒயர் வரும் வழியெல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் எலித் தடுப்புத் தகடு இல்லாத மெஷின் பால்கனியில் நின்றால், எலி உள்ளே ஏறி ஒயரைக் கடித்திருக்க வாய்ப்பு அதிகம். எலிப்புழுக்கை கண்ணில் பட்டால் வேறு எதையும் தேடுவதற்கு முன் ஒயரைத் தேடுங்கள்.

லாக்கின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் மெடல்ஃப்ளெக்ஸ், பிட்ரான், ரோல்ட் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கலாம். லாக்கை மட்டும் செய்து பல மெஷின் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் ஐரோப்பிய நிறுவனங்கள் அவை. அந்தச் சீட்டில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், கடையில் அதைச் சொன்னால் போதும்.

மல்டிமீட்டர் இருந்தால் ஓம் பக்கம் வைத்து, சில்லு ரக லாக்கில் மூன்று பின்களையும் இரண்டிரண்டாகத் தொட்டுப் பாருங்கள். ஆறிய நிலையில் ஒரு ஜோடியில் சில நூறு ஓமிலிருந்து ஒன்றரை கிலோ ஓம் வரைக்குள் ஏதாவது ஓர் அளவு காட்ட வேண்டும். அதுதான் சூடேறும் சில்லு. எந்த ஜோடியிலும் எதுவும் காட்டவில்லை என்றால் சில்லு போய்விட்டது. ஒரு ஜோடியில் பூஜ்யம் காட்டினால் உள்ளே காண்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டில் எதுவானாலும் புது லாக்தான். காந்தச் சுருள் ரகத்தில் பின்கள் கூடுதலாக இருக்கும், அளவும் மாறும். ஆனால் சுருளின் இரு முனைக்கு இடையே ஏதோ ஓர் அளவு காட்டியே ஆக வேண்டும்.

லாக்கை வெளியே வைத்து நேரடியாக 230 வோல்ட் கொடுத்துச் சோதிக்கும் வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. ஈரத் தரையில், வாஷிங் ஏரியாவில், அந்த வேலை வேண்டாம். மீட்டர் சொல்வது போதும்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். “லாக்கை டைரக்ட் பண்ணிடலாம், செலவு மிச்சம்” என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒயர் இரண்டை முறுக்கிவிட்டால் மெஷின் ஓடும்தான். அரை மீட்டர் குறுக்களவுள்ள டிரம் நிமிடத்துக்கு 1200 சுற்றுச் சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு 110 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகிறது. அந்த நேரத்தில் ஒரு குழந்தை கதவைத் திறந்து கையை விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சத்தமும் கேட்கிறது, ஆனாலும் எரர்

லாக் பூட்டுகிறது, தகவல்தான் போகவில்லை. லாக்கின் உள்காண்டாக்ட் கரிந்திருக்கலாம். வெளியிலிருந்து அதைச் சுத்தம் செய்ய முடியாது. அல்லது லாக்கிலிருந்து போர்டுக்குப் போகும் ஒயரில் ஏதோ ஒன்று நடுவில் அறுந்திருக்கலாம். இரு முனையிலும் மீட்டரை வைத்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்துவிடலாம்.

இவை எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் போர்டு. லாக்குக்கு மின்சாரம் விடும் சிறு ரிலேயோ டிரையாக்கோ போர்டில் இருக்கும். அதைச் சுற்றிக் கருகல், எறும்புப் புற்று, காய்ந்த பல்லி எல்லாம் அங்கே கண்டெடுக்கப்படுவது உண்டு. பல போர்டுகளைப் பசை மாதிரி ஒரு பூச்சில் முழுவதும் மூழ்கடித்து வைத்திருப்பார்கள். அதைச் சுரண்டி எடுத்து ரிப்பேர் செய்ய பழகிய கை வேண்டும். இதை வீட்டில் முயல வேண்டாம். ஆனால் ஆளைக் கூப்பிடும்போது “போர்டு போயிருச்சு” என்ற பேச்சை நீங்கள் தொடங்காதீர்கள். முதல் சத்தம் வருகிறது, இரண்டாவதும் வருகிறது, லாக்கில் சில்லு அளவு காட்டுகிறது என்று சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் பேச்சு மாறும்.

டாப் லோடும் செமி ஆட்டோமேட்டிக்கும்

டாப் லோடில் பல மாடல்கள் மூடி திறந்திருந்தாலும் துவைக்கும், ஸ்பின்னுக்கு வரும்போதுதான் நின்று கத்தும். மூடியில் சின்னக் காந்தம் பதித்து, பாடியில் அதை உணரும் சென்சார் வைத்திருக்கும் மாடல்களில், காந்தம் கழன்று விழுந்துவிடுவதுண்டு. மூடியின் ஓரத்தை ஒரு குண்டூசியால் தடவிப் பார்த்தால் காந்தம் இருக்கிறதா என்று தெரியும். நெம்பு சுவிட்ச் உள்ள மாடல்களில், துணி ஒரு பக்கமாகக் குவிந்து டப் ஆடும்போது அதே நெம்பில் இடிக்கும். அடிக்கடி இடித்து நெம்பு வளைந்துவிட்டால் மூடி எப்போதும் திறந்திருப்பதாகவே மெஷின் நினைக்கும். துணியைச் சமமாகப் பரப்பியும் சரியாகவில்லை என்றால் அந்த சுவிட்சைத்தான் பார்க்க வேண்டும்.

செமியில் லாக் என்று எதுவும் இல்லை. ஸ்பின் மூடியின் கீல் பக்கத்துக் காது, பேனலுக்கு அடியில் உள்ள தகட்டு சுவிட்சை அழுத்தும். அதே மூடிதான் பிரேக் கம்பியையும் தளர்த்துகிறது. காது உடைந்தாலோ தகடு வளைந்தாலோ ஸ்பின் ஓடாது. சுவிட்ச் விலை குறைவு, மாற்றுவதும் எளிது. மூடியை டேப் போட்டு ஒட்டி ஓட்டுவதை மட்டும் செய்யாதீர்கள்.

புது லாக் வாங்கி மாட்டுவது

வாரன்டி பார்த்துவிட்டு வாங்குங்கள். விளம்பரத்தில் வரும் ‘10 ஆண்டு’ வழக்கமாக மோட்டாருக்கு மட்டும். டோர் லாக் முழு மெஷினுக்கான வாரன்டிக் காலத்துக்குள் இருந்தால்தான் இலவசம். அந்தக் காலத்துக்குள் நீங்களே கழற்றினால் வாரன்டி போய்விடலாம், கம்பெனி ஆளையே கூப்பிடுங்கள்.

வாங்கும்போது மாடல் எண்ணை எழுதிக்கொண்டு போவதைவிடப் பழைய லாக்கையே கையில் கொண்டுபோங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தும் பின்களின் வரிசை மாறியிருக்கும் லாக்குகள் உண்டு. மாட்டும்போது கனெக்டர் கிளிக் ஆகும்வரை தள்ளி, லாக்கை ஸ்க்ரூ போட்டு, ரப்பரை அதன் பள்ளத்தில் உட்கார வைத்து, கடைசியில் கம்பி வளையம். ரப்பரில் உள்ள சின்ன வடிகால் ஓட்டைகள் அடியில் வருகிறதா என்று பாருங்கள். கம்பியை மேலிருந்து தொடங்கி இரு பக்கமும் இறக்கிக்கொண்டே வந்து, ஸ்பிரிங்கை அடியில் கடைசியாக இழுத்து விடுவது சுலபம். இதற்கு இன்னொருவர் கை இருந்தால் ஐந்து நிமிட வேலை. தனியாகச் செய்தால் வாயில் வசவு வரும்.

துணி போடாமல் ரின்ஸ் + ஸ்பின் வைத்து ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டாவது ‘டிக்’ வந்த பின் கைப்பிடியை லேசாக இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது. தண்ணீர் ஏறும்போது ரப்பரின் அடியில் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி, கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்ததும் இரண்டு நிமிடம் கழித்துக் கதவைத் திறங்கள். நெடுநேரம் ஆகியும் திறக்கவில்லை என்றால் டிரம்முக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அது வடிகால் ஃபில்டர் அடைப்பு, புது லாக்கின் குற்றமல்ல.